பிறக்கும் நேரத்தைக் குறிப்பவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன்பு என் அறைக்கு வந்த முதியவர் ஒருவர், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். அதில் மூன்று தேதிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நேரமும் எழுதப்பட்டிருந்தன. அவருடைய மகளுக்கு முதல் பிரசவம் சிசேரியனாக முடிந்திருந்தது. இரண்டாவதும் அறுவை சிகிச்சைதான் என்று முடிவாகியிருந்தது. தாளில் இருந்த மூன்று தேதிகளும் முப்பத்தேழாவது வாரம் முடிந்த அடுத்த சில நாள்களில் வந்தன. "டாக்டரம்மா, முப்பத்தேழு வாரம் ஆயிருச்சுன்னா பிள்ளை முழுசா வளர்ந்துருமாமே. அப்புறம் ரெண்டு வாரம் முன்ன எடுத்தா என்ன, பின்ன எடுத்தா என்ன?" என்று கேட்டார்.

மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில் இந்தக் கேள்வியை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் அறியாமையால் கேட்பதில்லை. பேரக்குழந்தைமீது உள்ள அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனால், அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒரு குழந்தை பிறக்க வேண்டிய நேரம் எவ்வாறு முடிவாகிறது? அது வெறும் தற்செயல் என்றால், இரண்டு வாரம் முன்பின் ஆவதில் குற்றமில்லை. அது தக்க காரணத்தோடு முடிவாகும் நேரம் என்றால், அதில் கைவைப்பதற்கு முன் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்களைக் கூட்டிப் பேறுகாலத் தேதியைக் குறிக்கும் வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் நேகலேயின் பெயரோடு பரவியது. இன்றும் மருத்துவமனை அட்டையில் எழுதித் தரப்படுவது பெரும்பாலும் அந்தக் கணக்குதான். ஆனால், சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றில் நான்கைந்துதான். அமெரிக்காவில் கருமுட்டை வெளிவந்த நாளைத் துல்லியமாக அறிந்து செய்யப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், குறைப்பிரசவங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் கர்ப்பகாலத்தின் நீளம் பெண்ணுக்குப் பெண் 37 நாள்கள்வரை வேறுபட்டது. அதாவது, எல்லோருக்கும் பொதுவான ஒரு நாள் என்பது இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனக்கென ஒரு கடிகாரம் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை ஓட்டுவது யார்? தாயா, குழந்தையா?

குழந்தைதான் என்று கிரேக்க மருத்துவ மரபு நம்பியது. வளர்ந்துவிட்ட சிசுவுக்குத் தாயிடமிருந்து கிடைக்கும் உணவு போதாமல் போகிறது. எனவே அது கைகால்களை உதைத்துத் தானே வெளியேறுகிறது என்பது ஹிப்பாகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களின் விளக்கம். உதைத்து வெளியேறுவது உண்மையல்ல. கருப்பையின் தசைதான் குழந்தையை வெளியே தள்ளுகிறது. எனினும், முடிவெடுப்பதில் குழந்தைக்குப் பங்கு உண்டு என்ற உள்ளுணர்வு தவறல்ல என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. அதைத் தெரியப்படுத்தியவை ஆடுகள்.

பிறக்க மறுத்த ஆட்டுக்குட்டிகள்

அமெரிக்காவின் ஐடஹோ மாநில மேய்ச்சல் நிலங்களில் 1950களில் விசித்திரமான குட்டிகள் பிறந்தன. சிலவற்றுக்கு நெற்றி நடுவே ஒற்றைக் கண். கருவுற்ற பதினான்காம் நாளையொட்டித் தாய் ஆடுகள் வெராட்ரம் என்னும் காட்டுச் செடியை மேய்ந்ததே காரணம் என்று அந்நாட்டு வேளாண் துறை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதோடு இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. அத்தகைய குட்டிகளைச் சுமந்த ஆடுகளில் சிலவற்றுக்குப் பேறுகாலம் கடந்தும் வலி வரவில்லை. செம்மறி ஆட்டின் கர்ப்பம் ஏறத்தாழ 150 நாள்கள். இவையோ 200 நாள்களையும் தாண்டிச் சுமந்துகொண்டிருந்தன. அக்குட்டிகளின் மூளை சிதைந்திருந்தது. மூளைக்கு அடியில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பி அமையவில்லை. தாயின் உடலில் எந்தக் குறையும் இல்லை.

இந்தக் குறிப்பின் பொருளைச் சோதனையால் நிறுவியவர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ். 1960களில் அவர், கருப்பைக்குள் இருந்த ஆட்டுக்குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியை அழித்துப் பார்த்தார். வலி வரவில்லை, கர்ப்பம் நீண்டுகொண்டே போனது. பிறகு, அந்தச் சுரப்பி தூண்டிவிடும் கார்டிசால் ஹார்மோன் வகையைக் குட்டிக்குள் செலுத்தினார். காலத்துக்கு முன்பே வலி தொடங்கியது. ஆட்டைப் பொறுத்தவரை விடை தெளிவானது. குட்டியின் மூளை முதிர்கிறது. அது பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது. அதிலிருந்து வரும் கார்டிசால் நஞ்சுக்கொடியை அடைந்து, கருப்பையை அமைதியாக வைத்திருக்கும் புரோஜெஸ்டிரானை, அதைக் கிளர்ந்தெழச் செய்யும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதியைத் தூண்டிவிடுகிறது. குட்டிதான் மணி அடிக்கிறது.

லிக்கின்ஸின் சோதனைகளில் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. காலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே பிறந்த ஒரு குட்டி, நுரையீரல் விரியாமல் இறந்திருக்க வேண்டும்; அதுவோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கார்டிசால் வகை மருந்து வலியைத் தொடங்கிவைத்ததோடு நிற்கவில்லை. நுரையீரலையும் முதிர வைத்திருந்தது. அதாவது, பிறப்பதற்கான அழைப்பும், பிறந்தபின் வாழ்வதற்கான ஆயத்தமும் ஒரே கட்டளையால் நடக்கின்றன. இந்தக் கட்டுரையில் வாசகர் நினைவில் கொள்ள வேண்டிய ஒரே செய்தி உண்டென்றால், அது இதுதான்.

இந்தக் குட்டி உலக மருத்துவத்தை மாற்றியது. குழந்தைநல மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து லிக்கின்ஸ் மேற்கொண்ட மனிதச் சோதனையின் முடிவு 1972இல் வெளிவந்தது. குறைப்பிரசவம் நேரும் நிலையில் இருந்த 282 தாய்மார்கள் அதில் பங்கேற்றனர். ஸ்டீராய்டு ஊசி பெறாதவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேர் முதல் வாரத்துக்குள் இறந்தனர். ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் அது 3.2 மட்டுமே. இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் குறைமாதத்தில் வலி வரும் பெண்ணுக்கு 'நுரையீரல் முதிர்ச்சிக்கு' என்று சொல்லிப் போடும் ஊசி இதுதான். ஆனால், இந்த மருத்துவம் பரவலாவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின; அமெரிக்காவில் அதிகாரபூர்வப் பரிந்துரை வந்தது 1994இல்தான். மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள், இந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் வரைபடமே. கையில் இருந்த சான்றைக் காலத்தில் தொகுத்துப் பார்க்காததால் இழந்த உயிர்களின் நினைவாக அது நிற்கிறது.

மனிதரின் புதிர்

ஆட்டில் விடை கிடைத்துவிட்டது. மனிதரில் அது அப்படியே பொருந்தவில்லை. ஆட்டில் பிரசவத்துக்கு முன் புரோஜெஸ்டிரானின் அளவு சரேலெனக் குறைகிறது. கருப்பையை அடக்கிவைத்திருந்த கை விலகுகிறது, தசை விழிக்கிறது. மனிதத் தாயின் இரத்தத்திலோ, வலி உச்சத்தில் இருக்கும்போதும் புரோஜெஸ்டிரான் நிறைந்தே இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் அது இறங்குகிறது. மனித நஞ்சுக்கொடியில் புரோஜெஸ்டிரானை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதற்கு வேண்டிய அந்த நொதி இல்லை.

அப்படியானால் புரோஜெஸ்டிரானுக்கு மனிதரில் வேலையே இல்லையா என்றால், அதுவும் இல்லை. அதன் செயலைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மருந்தைக் கொடுத்தால், கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் கருப்பைவாய் இளகி, தசை சுருங்கத் தொடங்குகிறது. ஆக, கருப்பையை அமைதியில் வைத்திருப்பது புரோஜெஸ்டிரான்தான். ஆனால், அதன் அளவு குறையாமலேயே அதன் பிடி தளர்கிறது. எவ்வாறு? கருப்பைத் தசையில் இந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு வகையாக உள்ளன. ஒன்று 'அமைதியாக இரு' என்ற கட்டளையை நிறைவேற்றுகிறது. மற்றொன்று அதைக் குலைக்கிறது. பேறுகாலம் நெருங்கும்போது இரண்டாவது வகையின் விகிதம் கூடுகிறது. சொல்பவரின் குரல் குறையவில்லை. கேட்கும் காதுதான் மாறிவிடுகிறது.

நஞ்சுக்கொடியின் கடிகாரம்

இந்த மாற்றங்களுக்குக் காலம் குறிப்பது எது என்ற தேடலில் முக்கியமான தடயம் 1995இல் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் ரோஜர் ஸ்மித் குழுவினர், கர்ப்பிணிகளின் இரத்தத்தில் சிஆர்எச் என்னும் ஹார்மோனைத் தொடர்ந்து அளந்தனர். பொதுவாக இது மூளையில் சுரந்து, மன அழுத்தத்தின்போது உடலை ஆயத்தப்படுத்தும் ஹார்மோன். மனிதரில் நஞ்சுக்கொடியும் இதைச் சுரக்கிறது. ஆட்டுக்கோ எலிக்கோ இந்த ஏற்பாடு இல்லை. கர்ப்பத்தின் 16 முதல் 20 வாரங்களுக்குள்ளேயே இதன் அளவு கூடுதலாக இருந்த பெண்களுக்குக் குறைப்பிரசவம் நேர்ந்தது. குறைவாக இருந்தவர்களுக்குத் தேதி கடந்தே பிரசவமானது. 'நஞ்சுக்கொடிக் கடிகாரம்' என்ற பெயர் இவ்வாறுதான் வழக்குக்கு வந்தது.

இந்தக் கடிகாரத்தின் தனித்தன்மை, அது தன்னைத்தானே முடுக்கிக்கொள்வது. மூளையில், கார்டிசால் பெருகினால் சிஆர்எச் சுரப்பு அடங்கும். வீட்டு மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டார் நின்றுபோவதைப் போன்ற ஏற்பாடு இது. நஞ்சுக்கொடியிலோ இது தலைகீழாக நடக்கிறது: கார்டிசால் பெருகப் பெருக, சிஆர்எச்சும் பெருகுகிறது. அது குழந்தையின் அட்ரீனல் சுரப்பியை மேலும் தூண்டுகிறது. அச்சுரப்பி ஒரு பக்கம் கார்டிசாலையும், மறுபக்கம் ஈஸ்ட்ரோஜனுக்கான மூலப்பொருளையும் அனுப்புகிறது. அந்த மூலப்பொருளைக் கொண்டே நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. மனித நஞ்சுக்கொடியால் தனியாகச் செய்ய முடியாததைக் குழந்தையும் நஞ்சுக்கொடியும் கூட்டாகச் செய்துமுடிக்கின்றன. கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் அட்ரீனல் சுரப்பி உடல் அளவோடு ஒப்பிடும்போது மிகப் பெரியதாக இருப்பதும், பிறந்த பின் அது சுருங்கிவிடுவதும் இதனால்தான் வியப்பளிப்பதில்லை.

குழந்தையின் நுரையீரலும் தன் பங்குக்குச் செய்தி அனுப்புவதாக டல்லாஸ் நகர ஆய்வாளர் கரோல் மெண்டல்சனின் குழு 2004இல் காட்டியது. நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க, சோப்பு நுரை போன்ற சர்ஃபாக்டன்ட் என்னும் பூச்சு தேவை. இந்தப் பூச்சு உருவாகிவிட்டால் மூச்சுவிட நுரையீரல் தயார் என்று பொருள். எலியின் கருவில், பேறுகாலத்தையொட்டி இப்பூச்சின் புரதம் ஒன்று பனிக்குட நீரில் கலக்கிறது. அந்தப் புரதத்தை முன்கூட்டியே செலுத்தினால் பிரசவம் முந்தியது. அதைத் தடுத்தால் பிரசவம் தள்ளிப்போனது. மனிதரில் இதே வழி அப்படியே இயங்குகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், லிக்கின்ஸின் ஆட்டுக்குட்டி சொன்னதையே இந்த எலியும் வேறு மொழியில் சொல்கிறது: மூச்சுவிடத் தயாராவதும் பிறக்கத் தயாராவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

கருப்பை விழிக்கும் விதம்

செய்தி வந்துசேர்ந்தால் மட்டும் போதாது. அதைச் செயலாக்கக் கருப்பையும் தயாராக வேண்டும். எட்டு மாதங்களாகக் கருப்பையின் தசை இழைகள் தனித்தனியே, ஒன்றுக்கொன்று தொடர்பின்றிக் கிடக்கின்றன. அவ்வப்போது ஓரிடத்தில் இறுக்கம் தோன்றி மறையும். நம் வீடுகளில் 'சூட்டு வலி' என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுக்கும் பொய் வலி பெரும்பாலும் இத்தகையதுதான். பேறுகாலத்தில் தசைச் செல்களுக்கிடையே நுண்ணிய இணைப்புப் பாதைகள் பெருமளவில் உருவாகின்றன. அவற்றின் வழியே மின்தூண்டல் செல்லுக்குச் செல் பாய்கிறது. அதுவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் வடம் பிடிப்பதுபோல, கருப்பை முழுவதும் ஒன்றாகச் சுருங்கத் தொடங்குகிறது. அதே காலத்தில், கெட்டியான கயிற்றுப் பின்னலைப் போன்றிருந்த கருப்பைவாயின் நார்ப்பொருள் தளர்ந்து, நீர் கோத்து இளகுகிறது. கருப்பைவாய் இளகாமல் தசை மட்டும் சுருங்கினால் பிரசவம் நகராது.

இந்த இரண்டு வேலைகளிலும் பிராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்களுக்குப் பெரும் பங்குண்டு. 1968இல் உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீம் இவற்றில் ஒன்றைச் செலுத்திப் பிரசவ வலியைத் தொடங்கிக் காட்டினார். இன்று வலியை வரவழைக்கக் கருப்பைவாயில் வைக்கும் மருந்து அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆக்ஸிடோசினைப் பலரும் அறிவார்கள். பிட்யூட்டரியின் சாறு கருப்பையைச் சுருக்குகிறது என்று 1906இல் ஹென்றி டேல் கண்டார். அந்த ஹார்மோனை 1953இல் செயற்கையாக உருவாக்கிய வின்சென்ட் டு விக்னியோவுக்கு 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. வலி வருவதற்கு இதுவே காரணம் என்று நெடுநாள் கருதப்பட்டது. ஆனால், ஆக்ஸிடோசின் சுரக்கவே முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகள் இயல்பாகவே குட்டி ஈன்றன. அவற்றால் பால் கொடுக்கத்தான் இயலவில்லை. எனவே, ஆக்ஸிடோசினைத் தொடங்கிவைப்பவராக அல்லாமல், தொடங்கியதை முடித்துவைப்பவராகக் காண்பதே பொருத்தம். பேறுகாலத்தில் கருப்பைத் தசையில் அதற்கான ஏற்பிகள் பன்மடங்கு பெருகிவிடுகின்றன. குழந்தையின் தலை கருப்பைவாயை அழுத்துகிறது. அந்த அழுத்தம் நரம்பு வழியே மூளைக்குச் சென்று மேலும் ஆக்ஸிடோசினைச் சுரக்க வைக்கிறது. கருப்பை மேலும் சுருங்குகிறது. தலை மேலும் அழுத்துகிறது. குழந்தை வெளியே வந்தால்தான் இந்தச் சுழற்சி நிற்கும். முப்பத்தேழாவது வாரத்தில், தயாராகாத கருப்பைக்கு எவ்வளவு ஆக்ஸிடோசினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாலும் சில நேரம் வலி பிடிக்காததற்கும், பேறுகாலத்தில் சிறிதளவே போதுமானதாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

பெரும்பாலான பெண்களுக்கு வலி இரவில் தொடங்குவதாகச் செவிலியர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், தானாக வலி வந்து நிகழும் பிறப்புகள் அதிகாலை நான்கு மணியளவில் உச்சம் தொட்டன. இரவில் சுரக்கும் மெலட்டோனினுக்கும் கருப்பைத் தசையில் ஏற்பிகள் உள்ளன. அது ஆக்ஸிடோசினின் செயலை வலுப்படுத்துகிறது.

தாயின் உடலுக்கும் இதில் வாக்கு உண்டு. இரட்டைக் குழந்தைகள் சராசரியாக மூன்று வாரம் முன்பே பிறக்கின்றன. விரிவதற்கும் கருப்பைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சிறுநீர்ப் பாதையிலோ பனிக்குடத்திலோ தொற்று ஏற்பட்டால், உடலின் தற்காப்பு அமைப்பு எழுப்பும் அழற்சி பிராஸ்டாகிளாண்டினைத் தூண்டி, காலத்துக்கு முன்பே வலியை வரவழைத்துவிடும். தாயின் உடலால் தாங்கக்கூடிய ஆற்றல் செலவு உச்சத்தை எட்டுவதே மனிதக் கர்ப்பத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது என்று ஹோலி டன்ஸ்வொர்த்தும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வாதிட்டனர். உணவு போதாமல் குழந்தை வெளியேறுகிறது என்ற பழைய கிரேக்க எண்ணத்தின் எதிரொலி அதில் கேட்கிறது.

ஆக, தாயா குழந்தையா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. குழந்தை, நஞ்சுக்கொடி, கருப்பை, தாயின் மூளை ஆகிய நான்கும் வாரக்கணக்கில் பேசி எடுக்கும் முடிவு அது. அந்தப் பேச்சின் மையப்பொருள் ஒன்றுதான்: குழந்தை வெளியுலகுக்குத் தயாரா?

பேச்சு முறியும்போது

இந்தப் பேச்சு பாதியில் முறிவதுதான் குறைப்பிரசவம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன; அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்துக்கு உலக அளவில் முதன்மைக் காரணம் குறைப்பிரசவச் சிக்கல்களே. ஆனால், வலியைத் தொடங்கிவைக்கும் பொறிமுறை மனிதரில் முழுமையாகத் தெரியாததால், அதை நிறுத்திவைக்கும் மருந்தும் நம்மிடம் சரியாக இல்லை. இப்போதுள்ள மருந்துகள் பெரும்பாலும் இரண்டொரு நாள் அவகாசமே பெற்றுத் தருகின்றன. அந்த அவகாசத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம். பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயை அனுப்புகிறோம். குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புரோஜெஸ்டிரான் வகை ஊசி ஒன்று, அடுத்து நடந்த பெரிய சோதனையில் பயன் தராததால் 2023இல் திரும்பப் பெறப்பட்டது. ஆட்டிலும் எலியிலும் கற்ற பாடம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்பதன் விலை இது.

பேச்சை நாமே முறிப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் நிகழும் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவை சிகிச்சை வழியாகவே நிகழ்வதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நாட்டின் சராசரி 21.5 விழுக்காடு. இவற்றில் எத்தனையோ அறுவைகள் தாயையும் சேயையும் காப்பாற்றியவை. உயர் இரத்த அழுத்தம், கட்டுக்கடங்காத நீரிழிவு, குழந்தையின் வளர்ச்சி நின்றுபோதல், நஞ்சுக்கொடி கருப்பைவாயை மறைத்தல் போன்ற நிலைகளில் காலத்துக்கு முன்பே குழந்தையை எடுப்பதுதான் அறிவுடைமை. என் கவலை, மருத்துவக் காரணம் ஏதுமின்றி நாள் குறிக்கப்படும் அறுவைகளைப் பற்றியது.

ஏற்கெனவே சிசேரியன் ஆன பெண்களுக்கு, வலி வருவதற்கு முன்பே திட்டமிட்டுச் செய்த மறு அறுவைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். மூச்சுச் சிக்கல், தொற்று, சர்க்கரைக் குறைவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தல், மரணம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்த குழந்தைகள், 37ஆவது வாரத்தில் எடுத்தபோது நூற்றுக்கு 15.3, 38ஆவது வாரத்தில் 11, 39ஆவது வாரத்தில் 8. இதன் பின்னர், 2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, 37, 38ஆம் வாரங்களில் பிறப்பதை முழுக்காலம் என்று சொல்வதை நிறுத்தியது. 39 வாரம் நிறைந்த பிறகே முழுக்காலம் என்று வகுத்தது. 39 வாரத்துக்குப் பின், தக்க கண்காணிப்போடு வலியை வரவழைப்பதால் குழந்தைக்குத் தீங்கு கூடவில்லை என்பதையும் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. 41 வாரத்தைத் தாண்டிக் காத்திருப்பதும் ஆபத்தே. எனவே, 'எதுவும் செய்யாமல் காத்திரு' என்பதல்ல என் வாதம். காரணமின்றி முந்தாதே என்பதுதான்.

முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையே அப்படி என்ன நடந்துவிடுகிறது? நுரையீரல் நிறைய இருக்கும் நீர் வற்றத் தொடங்குகிறது; சர்ஃபாக்டன்ட் கூடுகிறது; கல்லீரல் சர்க்கரையைச் சேமிக்கிறது; மூளை வளர்கிறது. பிரசவ வலியின்போது குழந்தையின் உடலில் பெருகும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள், நுரையீரல் நீரை உறிஞ்சச் செய்து முதல் மூச்சுக்கு வழிவிடுகின்றன. வலியே வராமல் எடுக்கப்படும் குழந்தைக்கு இந்தக் கடைசி ஆயத்தமும் கிடைப்பதில்லை. இதோடு நாள் கணக்கின் பிழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் ஸ்கேன் எடுக்காத பெண்ணுக்கு, நாம் 37 என்று எண்ணுவது உண்மையில் 36ஆக இருக்கக்கூடும்.

நான் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு குடும்பத்தின் வற்புறுத்தலுக்கு இணங்கி, குறித்துத் தந்த நேரத்தில் முப்பத்தேழாவது வாரத்தில் அறுவை செய்தேன். குழந்தை நன்றாகவே அழுதது. ஒரு மணி நேரத்தில் மூச்சு வேகமெடுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல் கேட்டது. நான்கு நாள் ஆக்ஸிஜனில் இருந்தது. தாய் வார்டிலும் பிள்ளை வேறு கட்டடத்திலுமாகக் கிடந்தார்கள். முதல் சீம்பால் பீய்ச்சப்பட்டுப் பாலாடையில்தான் போனது. பிள்ளை பிழைத்தது, அந்தக் குடும்பம் என்னைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால், அந்த முனகலுக்குத் தேவையே இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். முடிவெடுக்கும் இடத்தில் இருந்தது அவர்களல்லர், நான்.

அதனால்தான், தாளோடு வந்த முதியவரிடம் அன்று அரை மணி நேரம் பேசினேன். ஆட்டுக்குட்டிக் கதையையும் சொன்னேன். "ஐயா, நேரம் பார்ப்பது உங்கள் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. பிள்ளையின் நுரையீரல் தயாராகும்வரை பொறுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஒரு நாளைக் குறித்துக் கொண்டுவாருங்கள்; அதற்கு முன்பே வலி வந்துவிட்டால் எந்த நேரமானாலும் உடனே புறப்பட்டு வாருங்கள்" என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் புதிய தாள் ஒன்றோடு வந்தார். அதிலும் மூன்று தேதிகள் இருந்தன. மூன்றும் முப்பத்தொன்பது வாரம் நிறைந்த பிறகு வந்தவை. அவற்றில் முதல் நாளில் அறுவை நடந்தது. குழந்தை அன்று மாலையே தாயின் மடியில் பால் குடித்தது.

குடும்பங்கள் கேட்க மாட்டார்கள் என்று சொல்லி மருத்துவர்களாகிய நாங்கள் பல நேரம் விளக்காமலேயே இணங்கிவிடுகிறோம். விளக்கினால் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அறுவைக்கு நாள் குறிக்கப்படும் ஒவ்வொரு குடும்பமும் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: இந்த நாளுக்கு மருத்துவக் காரணம் என்ன? அன்றைக்கு எத்தனை வாரம், அந்தக் கணக்கு முதல் ஸ்கேனோடு ஒத்துப்போகிறதா? இவற்றுக்கு நிதானமாக விடை சொல்வது எங்கள் கடமை.